தாயைவிட மூத்த பிள்ளைகள்

கண்டியில் பெற்ற தாயைவிட வயதில் மூத்த பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். கட்டுக்கலையில் தரம் ஐந்தில் படிக்கிறவன் 1985இல் பிறந்திருக்கிறான். அவனுடைய அம்மா பிறந்ததோ 1991இல். அக்குறணையில் இன்னொருவன் திகதிச் சக்கரத்தை விரலால் கொஞ்சம் வேகமாக உருட்டிவிட்டதில் 1948இலேயே பிறந்துவிட்டான், சுதந்திர இலங்கைக்குச் சமவயதுக்காரன். கைபேசியில் ஒரு துப்பாக்கி விளையாட்டு பிறந்த திகதியைக் கேட்டது, இவர்கள் சொன்னார்கள், அது நம்பிவிட்டது. விசாரணை முடிந்தது.

இதே பிள்ளையைக் கண்டியில் ஒரு பெயர்போன பாடசாலையின் முதலாம் தரத்தில் சேர்க்க அம்மாவும் அப்பாவும் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், காணி உறுதி, கரண்ட் பில், தண்ணி பில், ஐந்து வருட வாக்காளர் இடாப்பு, கிராம உத்தியோகத்தரின் கடிதம். வீட்டுக்கும் பாடசாலைக்கும் நடுவில் வேறு பாடசாலை இருந்தால் வரைபடத்தில் கோடு கீறி அளந்து புள்ளி கழிப்பார்கள். அதற்கும் மேலே நேர்முகப் பரீட்சை, மேன்முறையீடு, தெரிந்த ஆளுக்குத் தெரிந்த ஆள். 'அ' எழுதப் போகிற பிள்ளைக்கு இவ்வளவு சோதனை. ப்ரீ ஃபயர் போன்ற விளையாட்டில், ஐம்பது பேர் பரசூட்டில் குதித்து ஒருவனை ஒருவன் சுட்டுத் தீர்க்கிற தீவுக்குள் நுழைய ஒரு பெருவிரல் போதும்.

இதைக் கொம்பனிக்காரர்களின் அறியாமை என்று யாராவது சொன்னால் சிரிப்பு வருகிறது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் திரட்டக் கூடாது என்று அமெரிக்கா 1998இல் ஒரு சட்டம் போட்டது. பிள்ளை என்று தெரிந்தால்தானே சட்டம் பாயும்? தெரியாமல் இருந்துவிட்டால் போயிற்று. ஆகவே, பிள்ளை பொய் சொல்வதற்கு வசதியாக உருளுகிற ஒரு சக்கரத்தைச் செய்து திரையில் வைத்துவிட்டு, பொய் சொன்ன பாவத்தைப் பிள்ளையின் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஒன்பது வயதுக் குழந்தையைப் பொய்ச்சாட்சி சொல்ல வைத்து அந்தச் சாட்சியத்தின் மேல் நடக்கிற வியாபாரம் இது.

இவர்களுக்கு வேறு வழி தெரியாதா? நன்றாகவே தெரியும். தென்கொரியாவில் பிறந்த பப்ஜி என்ற துப்பாக்கி விளையாட்டைக் கைபேசிக்குக் கொண்டுவந்தது சீனாவின் டென்சென்ட். அந்த டென்சென்ட் தன் சொந்த நாட்டில் எப்பேர்ப்பட்ட சாது என்று பாருங்கள். 2019 மே மாதம் அங்கே பப்ஜியை மூடிவிட்டு அதற்குப் பதிலாக இன்னொரு விளையாட்டை இறக்கினார்கள். அதிலே சுடப்பட்டவன் சாவதில்லை; முழந்தாளிட்டு, தன் சாமான்களை ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்து, கையசைத்து விடைபெற்றுக்கொண்டு போகிறான். 2021இல் சீன அரசு இன்னும் இறுக்கியது: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும், இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை. வாரத்துக்கு மூன்று மணித்தியாலம். அப்பாவின் பெயரில் களவாக நுழைகிற பிள்ளையைப் பிடிக்க, இராத்திரியில் முகத்தைக் காட்டச் சொல்லிக் கமராவால் சரிபார்க்கிற ஏற்பாட்டையும் டென்சென்ட்டே செய்தது. சீனப் பிள்ளையின் முகம் அதற்குத் தெரிகிறது. கண்டிப் பிள்ளையின் முகம் மட்டும் இருட்டில் இருக்கிறதாம்.

(பிள்ளை எத்தனை மணிக்கு விளையாடலாம் என்று அரசாங்கம் மணி அடிக்கிற நாடு எனக்கும் வேண்டாம். முடியாது என்று சொல்கிறவர்களுக்கு முடியும் என்று காட்டத்தான் சொன்னேன்.)

அமெரிக்காவில் ஃபோர்ட்நைட் என்ற இதே மாதிரி விளையாட்டை நடத்துகிற எபிக் கேம்ஸ், வழக்கை முடித்துக்கொள்ள 2022 டிசம்பரில் 520 மில்லியன் டொலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதில் 275 மில்லியன், பிள்ளைகளின் தனியுரிமைச் சட்டத்தை மீறியதற்கு. மிகுதி 245 மில்லியன், ஏமாற்றி அமுக்கவைத்த பட்டன்களால் காசை இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க. அந்த வழக்கில் வெளியே வந்த விஷயம் ஒன்றை ஒவ்வொரு பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும். முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிற மைக், பிள்ளை உள்ளே நுழையும்போதே திறந்து இருந்தது. அதை மூடிவையுங்கள், வேண்டியவர்கள் திறந்துகொள்ளட்டும் என்று 2017இலேயே கொம்பனிக்குள்ளே இருந்த ஊழியர்களே சொன்னார்கள். மேலிடம் கேட்கவில்லை. பிறகு மூடுவதற்கு ஒரு பட்டன் வைத்தார்கள். அதையும் யாருக்கும் இலேசில் அகப்படாத இடத்தில் வைத்தார்கள். ஒரு பட்டன். அதன் விலைதான் அந்த மில்லியன்கள்.

நமது பிள்ளைகளுக்காக வழக்குப் போட இங்கே யார் இருக்கிறார்கள்? சட்டம் இல்லை என்று சொல்லாதீர்கள், நிறையவே இருக்கிறது. 2024 ஜனவரி 24ஆம் திகதி நாடாளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108க்கு 62 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. பெயரைக் கேட்டாலே மடியில் படுத்துத் தூங்கலாம் போல் இருக்கும். சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி அதில் ஒரு பிரிவும் உண்டு. ஆனால் சட்டத்தின் உயிர் எல்லாம் 'பொய்யான கூற்றுகள்' மேல்தான்: யார் என்ன எழுதினார், அதை எப்படி அகற்றுவது, எத்தனை வருடம் உள்ளே வைப்பது. அரசியல்வாதியின் மனம் புண்படாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆணைக்குழு. எட்டு வயதுப் பிள்ளையிடம் பேசுகிற மைக் பற்றி ஒரு வரி எழுத யாருக்கும் மை கிடைக்கவில்லை.

இணையத்தைக் கட்டுப்படுத்த நம் அரசுக்கு வல்லமை இல்லை என்று மட்டும் கண்டிக்காரர்களிடம் யாரும் கதைவிட முடியாது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் நூற்றுக்கணக்கில் தாக்கப்பட்டன; பல எரிந்தன. உயிர்களும் போயின. 6ஆம் திகதி அவசரகால நிலை. 7ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் முடங்கின. ஒரே நாளில் நாட்டின் வாயைப் பொத்த முடிந்தது. வெறுப்பைப் பரப்ப இடம் கொடுத்ததற்குப் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது 2020இல். ஊர் எரிந்து, சாம்பல் ஆறி, அதன் மேல் இரண்டு மழைக்காலம் போன பிறகு.

திகனையில் கல்லெறிந்தவர்களை ப்ரீ ஃபயர் விளையாடிக் கெட்டுப்போன பையன்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவர்களில் பலர் இன்றைக்குப் பெற்றோர் கூட்டத்தில் முன் வரிசையில் உட்காரக்கூடிய வயதுக்காரர்கள். கொஞ்சம் பின்னால் போனால் 1983 ஜூலை, தமிழருக்கு எதிரான இனக்கலவரம். இன்னும் இந்தப் பக்கம் வந்தால் 1989, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தில் குளத்தைச் சுற்றி மனிதத் தலைகளை அடுக்கி வைத்த வருடம். 1998இல் தலதா மாளிகை வாசலில் வெடிகுண்டு லொறி. இவ்வளவுக்கும் ஒரு கைபேசி விளையாட்டும் தேவைப்படவில்லை. இந்த வரலாற்றைத் தோளில் சுமந்துகொண்டு, "இந்தக் கேம்தான் புள்ளைகளுக்கு வன்முறையைப் பழக்குது" என்று மேடையில் முழங்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் நம்மிடம் உண்டு.

அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் இந்த விஷயத்தில் தெளிவாகவே சொன்னது: வன்முறை விளையாட்டுக்கும் நிஜத்தில் நடக்கிற பெரிய வன்செயலுக்கும் முடிச்சுப் போடப் போதிய ஆதாரம் இல்லை. கத்துவது, தள்ளிவிடுவது போன்ற சிறு மூர்க்கங்களோடு தொடர்பு உண்டு, அவ்வளவுதான். ஆக, திரையில் இருக்கிற துப்பாக்கியைப் பார்த்து நாம் அலறுகிற அலறலில் பாதி வீண். ஆபத்து துப்பாக்கியில் இல்லை. துப்பாக்கிக்குப் பக்கத்தில் பச்சையாக மினுங்குகிற அந்தச் சின்ன மைக்கில் இருக்கிறது.

அது நடக்கிற விதம் இப்படி. நாலு பேர் கொண்ட அணி. மூன்று பேர் சிநேகிதர்கள், நாலாவது ஆளை விளையாட்டே எங்கிருந்தோ பிடித்துத் தருகிறது. அந்த ஆள் நன்றாக விளையாடுகிறான். அணியில் ஒரு சிறுமி விழுந்தால் ஓடிவந்து தூக்கிவிடுகிறான். மறுநாளும் வருகிறான். "தங்கச்சி" என்கிறான். மூன்றாம் கிழமை விளையாட்டுக் காசான டயமண்ட் வாங்கி அனுப்புகிறான். அதில் ஒரு புது உடுப்பு, அணியில் எல்லோருக்கும் பொறாமை. அதன் பிறகுதான், "இங்க சத்தம், வாட்ஸ்அப்புக்கு வா." அதன் பிறகு ஒரு படம். சாதாரணப் படம்தான். அடுத்தது அவ்வளவு சாதாரணம் இல்லை. பிறகு, "அம்மாவுக்குச் சொன்னா இத எல்லாருக்கும் அனுப்புவேன்." இதில் எங்கே இரத்தம் தெறித்தது? எங்கே வெடித்தது? தடைசெய்யச் சொல்லி ஊர்வலம் போகிறவர்கள் தேடுகிற வன்முறை இதில் ஒரு சொட்டும் இல்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கண்டியில் சிங்களப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை, தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு பாடசாலை, முஸ்லிம் பிள்ளைக்கு ஒரு பாடசாலை. ஒரே வீதியில் வெவ்வேறு கேற்றுக்குள் போகிறார்கள், பதின்மூன்று வருடம் படித்தும் பக்கத்து மதிலுக்கு அப்பால் இருக்கிறவனின் பெயர் தெரியாது. இரண்டாம் மொழி என்று புத்தகம் அச்சடித்து, அதைப் படிப்பிக்க ஆசிரியர் இல்லாமல் வைத்திருக்கிறோம். நல்லிணக்கத்துக்கு அமைச்சு வைத்தோம், அலுவலகம் வைத்தோம், கட்டிடம் வைத்தோம். மூன்று இனப் பிள்ளைகளும் ஒன்றாகச் சேர்ந்து, ஒருவன் விழுந்தால் மற்றவன் உயிரைக் கொடுத்துத் தூக்கிவிடுகிற ஒரே இடம் அந்தத் துப்பாக்கித் தீவுதான். தமிழ்ப் பையன் அங்கேதான் சிங்களம் பேசிப் பழகுகிறான். இந்தியில் திட்டவும் பழகுகிறான், அது இலவச இணைப்பு. நல்லிணக்கத்தை நாம், ப்ரீ ஃபயரை நடத்துகிற சிங்கப்பூரின் கரீனாவுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டோம் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது. அந்தத் தீவையும் மூடிவிட்டால் இந்தப் பிள்ளைகள் எங்கே சந்திப்பார்கள் என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டிய நாற்காலிகள் எல்லாம் காலி.

தடை என்ற மருந்தை இந்தியா குடித்துப் பார்த்தாயிற்று. 2019இல் ராஜ்கோட்டில் பப்ஜி விளையாடிய மாணவர்களைப் பொலிஸ் கைதே செய்தது. 2020 செப்டெம்பர் 2ஆம் திகதி தடைசெய்யப்பட்ட 118 செயலிகளில் பப்ஜியும் ஒன்று. பிள்ளைகளுக்காக அல்ல, எல்லையில் சீனாவோடு முறுகல் வந்ததற்காக. அடுத்த வருடமே பெயருக்குப் பின்னால் நாட்டின் பெயரை ஒட்டிக்கொண்டு அதே விளையாட்டு திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில்தான் சென்னையின் 'பப்ஜி மதன்' தடைசெய்யப்பட்ட விளையாட்டை வீபிஎன் போட்டு ஆடிக்காட்டி, ஆபாசமாகப் பேசி, இலட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தார் என்று வழக்காகி, 2021 ஜூனில் கைதானார். பார்த்தவர்களில் பள்ளிப் பிள்ளைகள் ஏராளம். தமிழுக்கு எல்லை உண்டா? கம்பளையிலும் கேட்டது. நமக்கோ வீபிஎன் பாடத்தை அரசாங்கமே நடத்தியிருக்கிறது: 2018, 2019, 2022 என்று மூன்று தவணை. ஒவ்வொரு முறை முடக்கும்போதும் தாத்தா பாட்டி வரைக்கும் வீபிஎன் போடப் பழகினார்கள்.

சரி, பிள்ளையின் கைக்குக் கைபேசி வந்த கதை என்ன? கொவிட் காலத்தில் பாடசாலையை மூடிவிட்டு, பாடம் போனில் வரும் என்றார்கள். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் லயத்துப் பெற்றோர் நகையை அடகு வைத்துப் போன் வாங்கினார்கள். தோட்டத்துத் தொழிலாளியின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானது 2021இல்தான், அதுவும் வருடக்கணக்காகக் கத்திய பிறகு. சிக்னல் தேடிப் பிள்ளைகள் மலை உச்சிக்கு ஏறினார்கள். பாடம் வந்ததோ இல்லையோ, விளையாட்டு வந்தது. பல வீடுகளில் அம்மா குவைத்தில், அப்பா கொழும்பில், பிள்ளை அம்மாயியோடு. அம்மாயிக்குப் போனில் பச்சையை அமுக்கினால் பேசலாம், சிவப்பை அமுக்கினால் வைக்கலாம் என்பது வரை தெரியும். இந்தக் குடும்பத்துக்கு நாம் கொடுக்கிற ஆலோசனை: "பெற்றோர் பிள்ளைகளோடு நேரம் செலவிட வேண்டும்."

அந்த வீட்டிலிருந்தும் காசு போகிறது. ப்ரீ ஃபயர்காரர்கள் டயமண்ட் என்கிறார்கள், பப்ஜிக்காரர்கள் யூசி என்கிறார்கள். ரூபாயை ரூபாயாக வைத்திருந்தால் பிள்ளைக்கு வலிக்கும் என்று கற்கண்டாக மாற்றிவிட்டார்கள். அதில் சுழற்றிப் பார்க்கிற அதிர்ஷ்டச் சக்கரம் வேறு. காசு கட்டி என்ன வருமென்று தெரியாமல் திறக்கிற பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018இலேயே சொல்லிவிட்டது. இங்கே, லொத்தர் சீட்டு விற்கிறவன் பிள்ளைக்கு விற்றால் குற்றம் என்போம். இதைக் 'கேம்' என்போம்.

கண்டியில் இது பற்றி ஒரு விழிப்புணர்வுக் கருத்தரங்கு எப்படி நடக்கும் என்பதைப் போகாமலே எழுதிவிடலாம். ஒரு பாடசாலை மண்டபம். பின்னால் பனர், அதில் சங்கிலியால் கட்டப்பட்ட பிள்ளையின் படம், கூகிளில் எடுத்தது. ஒன்பது மணிக்கு என்று போட்டிருக்கும், பிரதம அதிதி பத்தரைக்கு வருவார். அதிதிகளின் வாகனங்கள் நிறுத்தப் பாடசாலை மைதானத்தைக் கொடுத்திருப்பார்கள். மங்கள விளக்கு, பொன்னாடை, பொன்னாடைக்கு ஒரு பொன்னாடை. பிறகு உரை: "எங்கட காலத்தில நாங்க மைதானத்தில விளையாடினோம், கிட்டிப்புள் அடிச்சோம், எல்லே அடிச்சோம்." வெளியே மைதானத்தில் அவருடைய ஜீப் நிற்கிறது. உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்குப் பின்னேரம் நாலு மணிக்குக் கணிதம், ஐந்தரைக்கு ஆங்கிலம், சனி ஞாயிறு புலமைப்பரிசில் டியூஷன். கிட்டிப்புள்ளை எத்தனை மணிக்கு அடிப்பது என்று நேரசூசியில் யாரும் எழுதித் தரவில்லை. அடுத்து ஒரு ஆசிரியர் எழுந்து வன்முறையின் தீமைகளை விளக்குகிறார். பின் வரிசையில் சலசலப்பு. பேச்சை நிறுத்தாமலே மேசையிலிருந்த பிரம்பை எடுத்து இரண்டு தட்டு. பிள்ளைகளுக்கு உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016இல் அனுப்பிய சுற்றறிக்கை அதே பாடசாலையின் அலுமாரியில், கோப்பு கலையாமல் பத்திரமாக இருக்கும்.

மைக்கை எப்படி மூடுவது என்று யாரும் காட்டமாட்டார்கள். நண்பராகச் சேரக் கேட்டு வருகிற அழைப்புகளை எப்படி அடைப்பது, பிளே ஸ்டோரில் காசு போகாமல் எப்படிப் பூட்டுப் போடுவது, மிரட்டல் வந்தால் அழிக்காமல் எப்படிப் படம்பிடித்து வைப்பது, ஒன்றும் வராது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தைப் பனரில் போட இடமிருக்காது. அனுசரணையாளரின் பெயர் பெரியது.

கடைசியில் கேள்வி நேரம், ஐந்து நிமிடம். ஒரு தாய் எழுந்து நிற்பாள். குரல் கம்மும்.

"சேர், மகளோட ஒரு ஆள் கேம்ல பேசுறான். அண்ணான்னுதான் சொல்றா. டயமண்ட் எல்லாம் அனுப்பியிருக்கான். இப்ப படம் அனுப்பச் சொல்றானாம். புள்ள சாப்பிடுறா இல்ல சேர். நான் என்னா செய்யுறது?"

பிரதம அதிதி மைக்கை வாங்குவார். "அம்மா, முதல்ல புள்ளைக்குப் போன் வாங்கிக் குடுத்தது யாரு?"

மண்டபம் கைதட்டும். வீட்டுப் பாடத்தை இன்றைக்கும் வாட்ஸ்அப் குறூப்பில்தான் அனுப்புகிறோம் என்பது மேடையில் இருக்கிற அதிபருக்கு ஞாபகம் வராது. தாய் உட்கார்ந்துவிடுவாள். நன்றியுரை தொடங்கிவிடும், நன்றி சொல்ல வேண்டிய பெயர்கள் முப்பது இருக்கும்.

அவளுடைய கேள்விக்குப் பதில் தெரிந்த ஒரு ஆள் அன்றைக்கு அங்கே இருப்பான். எந்தப் பட்டனை அமுக்கினால் மைக் செத்துப்போகும், அந்த ஆளை எப்படி முறைப்பாடு செய்வது, அதற்கு முன் எதைப் படம்பிடிக்க வேண்டும் எல்லாம் அவனுக்கு அத்துப்படி. வயது பதினொன்று. கருத்தரங்கு நடக்கும்போது போனை நோண்டினான் என்று பிரம்பால் ஒன்று போட்டு, வெளியே ஜீப்புக்குப் பக்கத்தில் முழந்தாளில் நிறுத்தி வைத்திருப்பார்கள்.